கொய்யா மரத்துக் கட்டு

ரூஃபினோவுக்குப் பேச்சு நின்றுபோன அன்று அவரை ஓபெரா நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது என் லாரிதான். மே மாதக் கடைசி, எங்கள் பக்கத்தில் குளிர்காலத் தொடக்கம். நாங்கள் வெந்நீர் ஊற்றி உறிஞ்சிக் குடிக்கிற எர்பா இலையின் அறுப்பு சூடுபிடித்திருந்த நேரம். எங்கள் கராயாவில் அந்த மாதங்களில் சூரியன் தலைகாட்டுவதற்கு முன்பே ஆட்கள் செடி வரிசைக்குள் இறங்கிவிடுவார்கள். இலைமேல் உறைபனி படிந்து கிடக்கும். கையுறையில் விரல்நுனி தேய்ந்த இடத்தில் அது நகக்கண்ணுக்குள் ஊசிபோல் ஏறும். கொப்பை வெட்டி, இலையைக் கழித்து, விரித்த துணியில் குவித்து, நாலு முனையையும் இழுத்து முடிந்தால் ஒரு பொதி. எண்பது கிலோவுக்குக் குறையாது. ரூஃபினோ தன் தோட்டத்தில் அப்படி ஒரு பொதியை முடிந்துகொண்டிருந்தபோது வலது கை துணியை விட்டுவிட்டது. அவர் அந்தக் கையைப் பார்த்துச் சிரித்தார், பிறகு சாய்ந்துவிட்டார் என்று பக்கத்து வரிசையில் நின்ற மகள் இதாத்தி சொன்னாள்.

ரூஃபினோவை நாடே அறியும். எங்கள் செம்மண் பக்கத்து அக்கார்டியன் மெட்டை எலெக்ட்ரிக் கித்தாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் கொண்டுபோய் உட்காரவைத்த ஆள். தலைநகரத்தில் விளையாட்டு மைதானம் நிறையப் பாடியிருக்கிறார். பாட்டெல்லாம் அவரே எழுதி மெட்டுப்போட்டது. முதல் நாலு வருஷம் அவருக்கு டிரம்ஸ் வாசித்தவன் நான். கல்யாணமானதும் குச்சியை வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அவர் மகளுக்கு ஞானத்தகப்பனும் நான்தான். அதனால் அவர் மனைவி சுனில்டா என்னை எலாதியோ என்று பெயர் சொல்லி அழைத்ததில்லை, கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவாள். நான் அவளை கொமாத்ரே என்பேன்.

மூன்று வாரம் கழித்து ரூஃபினோ வீட்டுக்கு வந்தார். வலது காலை இழுத்துக்கொண்டு நடந்தார். சொன்னதெல்லாம் புரிந்தது. பதில் சொல்லத்தான் வரவில்லை. "பா, பா" என்று இரண்டு தடவை வரும், அப்புறம் முகம் சிவந்து மேசையை இடது கையால் தட்டுவார். ஊரையே பாட வைத்த வாயில் தண்ணீர் என்ற ஒரு வார்த்தை வரவில்லை. சுனில்டா அழவில்லை. அவள் உக்ரேனியக் குடும்பத்துப் பெண், சின்ன வயசிலிருந்தே எர்பா உலர்த்தும் புகைக்கூடத்தில் நின்றவள். புகையில் அழுது முடித்தாயிற்று என்பாள்.

ஒருநாள் காலை நான் அங்கே இருந்தேன். சுனில்டா இரும்புச் சட்டியில் ரெவீரோ கிண்டிக்கொண்டிருந்தாள். மாவையும் தண்ணீரையும் கொழுப்பில் போட்டு உதிரி உதிரியாக வரும்வரை குத்திக் கிளற வேண்டும், கையை எடுத்தால் அடிப்பிடிக்கும். எனக்கு ஏதோ பதில் சொல்லத் திரும்பினாள், அடிப்பிடித்துவிட்டது. அப்போது அடுப்படியில் உட்கார்ந்திருந்த ரூஃபினோ பாடினார். முனகல் இல்லை. பழைய குரல், பழைய மெட்டு, ஒரு எழுத்து பிசகாமல்:

"புகையெல்லாம் வானத்துக்கு, கருகினது நமக்கு."

அது அவருடைய இரண்டாவது இசைத்தட்டில் உள்ள பாட்டு. தோட்ட முதலாளிகளைப் பற்றியது என்று சொல்லி எத்தனை ஊர்வலத்தில் பாடியிருக்கிறார்கள். சுனில்டா கரண்டியோடு அப்படியே நின்றாள். ரூஃபினோவும் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு மூன்று பேரும் சிரித்தோம். அவள் மட்டும் சிரித்தபடியே கொல்லைக் கதவைத் திறந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமைதோறும் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். அவள் விளக்கினாள். மூளையில் பேச்சு ஒரு பக்கம் இருக்கிறது, பாட்டு பெரும்பாலும் மறுபக்கம். பேச்சுப் பக்கம்தான் அடைபட்டிருக்கிறது. பாட்டு அப்படியே இருக்கிறது. ஆனால் புதிதாக ஒரு வார்த்தை கட்ட வராது, ஏற்கனவே மெட்டோடு மனசில் ஊறிக் கிடப்பதுதான் வரும் என்றாள். இவரைப்போல் சமயம் பார்த்து வரியை எடுத்துப் போடுகிறவரைத் தான் பார்த்ததே இல்லை என்றும் சொன்னாள்.

அதிலிருந்து அந்த வீடு வேறு வீடாகிவிட்டது. முப்பது வருஷத்தில் எழுதிய தொண்ணூறு பாட்டுகளில் இருந்து அவர் ஒவ்வொரு வரியாக எடுத்துப் போடுவார். என்ன கேட்கிறார் என்று சுனில்டாவும் இதாத்தியும் கண்டுபிடிக்க வேண்டும். "மூடாத கதவு, யார் போனது" என்று ஒரு பாட்டு உண்டு. ராணுவ ஆட்சியில் காணாமல்போனவர்களுக்காக எழுதியது என்று கல்லூரிகளில் பாடம் நடத்துகிறார்கள். மேடையில் அதைப் பாடினால் கூட்டம் மெழுகுவர்த்தி ஏற்றும். ரூஃபினோ அதைத் தினமும் நாலு தடவை பாடினார். கொல்லைக் கதவை யாராவது சரியாகச் சாத்தாமல் போனால், குளிர்காற்று காலில் பட்டால், அந்த வரி வரும்.

"அப்ப அத்தனை பேராசிரியருங்களும் நம்ம கொல்லைக் கதவுக்குத்தான் அழுதாங்களா, கொமாத்ரே?" என்று கேட்டேன்.

"இந்தக் கதவை வச்சதே எங்க கல்யாணத்துக்கு அப்புறம்தான். பாட்டு அதுக்கு முந்தினது. அந்த ஆளுக்கு எது உண்மைன்னு அந்த ஆளுக்கே தெரியுமோ என்னமோ" என்றாள்.

அவர் பாட்டின் அர்த்தத்தை யாருக்கும் சொன்னதில்லை. பத்திரிகைக்காரர்கள் கேட்டால் ஊருக்கு ஒரு கதை விடுவார். எல்லாரும் அதிகம் கேட்டது 'செங்குதிகால்' பாட்டைப் பற்றித்தான். நான் அவர் பாண்டு குழுவில் இருந்த கடைசி வருஷம், எண்பத்தேழில், ஒரு பஸ் பயணத்தில் எழுதினார். இரவு முழுக்கப் பயணம். விடிந்து பார்த்தால் சிகரெட் அட்டையின் உட்புறத்தில் எழுதி வைத்திருந்தார். கல்யாண வீட்டிலும் மதுக்கடையிலும் கால்பந்து மைதானத்திலும் இன்றைக்கும் பாடுகிறார்கள்:

"செங்குதிகாலே, திரும்பிப் பாராதே,
கொய்யா மரத்தில் எனைக் கட்டிப் போறவளே,
கட்டு அவிழவில்லை, கரை எனக்குப் போதும்,
செங்குதிகாலே, திரும்பிப் பாராதே."

விட்டுப்போன காதலிக்குப் பாடியது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆசையால் கட்டிப்போட்டுவிட்டுப் போனவள், செம்மண் படிந்த குதிகால்காரி. சுனில்டாவை அவர் கட்டியது அதற்கு மூன்று வருஷம் கழித்து. தொலைக்காட்சியில் ஒருமுறை இந்தப் பாட்டு யாரைப் பற்றியது என்று கேட்டதற்கு, "என் பொண்டாட்டிக்குத் தெரியும்" என்றார். அப்போது நாங்களெல்லாம் அவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சுனில்டா பெட்டியைப் பார்த்து, "எனக்கு ஒரு மண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ஜூலையில் அந்தப் பாட்டு தொடங்கியது.

தோட்டத்தை யாரும் கவனிக்க முடியாமல் போனதால் இதாத்தி அக்கரைத் தோட்டங்களில் எர்பா பறிக்கும் கூட்டத்தோடு போக ஆரம்பித்தாள். அந்தக் கூட்டத்தை ஏற்றிப்போவது என் லாரி. விடியற்காலை கங்காணி முன்னால் உட்காருவான், பின்னால் இருபது இருபத்திரண்டு பேர் நின்றுகொண்டு வருவார்கள். ரூஃபினோ வீட்டு வாசலில் இதாத்தியை ஏற்றிக்கொண்டு இருநூறு மீட்டர் இறங்கினால் கராயா ஓடை. பாலம் கிடையாது, துறையில் தண்ணீருக்குள் இறங்கி ஏறுவோம். பொழுது சாயும்போது பொதிகளை ஏற்றி, அதன்மேல் ஆட்களை ஏற்றித் திரும்புவேன். எல்லா லாரிக்காரனும் அப்படித்தான்.

ஒவ்வொரு நாள் காலையிலும் ரூஃபினோ 'செங்குதிகாலே' பாடினார். சாயங்காலமும் பாடினார். மற்ற வரிகளைப்போல் இல்லை. கண்ணில் நீர் வழியும், இடது கையால் நாற்காலியை அடிப்பார், திரும்பத் திரும்ப அதே முதல் வரி. கதவுப் பாட்டு கொல்லைக் கதவையே குறித்ததை நினைத்து சுனில்டா முதலில் அவர் குதிகாலைத்தான் பார்த்தாள். வெந்நீரில் ஊறவைத்தாள். வெடிப்புக்குக் களிம்பு போட்டாள். கம்பளிக் காலுறை போட்டுவிட்டாள். அவர் காலை உதறிக்கொண்டு இன்னும் சத்தமாகப் பாடினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என்னை எர்பா குடிக்கக் கூப்பிட்டாள். சுரைக்குடுவையில் வெந்நீர் ஊற்றி உறிஞ்சு குழாயை என் பக்கம் திருப்பிக் கொடுத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"கொம்பாத்ரே, பொய் சொல்லக் கூடாது. அந்தப் பொம்பள யாரு?"

எனக்குத் தெரியாது என்றேன். பஸ்ஸையும் சிகரெட் அட்டையையும் சொன்னேன். அதற்கு மேல் எனக்கு உண்மையிலேயே தெரியாது. அவள் குடுவையைத் திரும்ப வாங்கி மறுபடியும் வெந்நீர் ஊற்றினாள்.

"இருவத்திநாலு வருஷமா அந்தப் பாட்டு ரேடியோவுல வந்தா நான் பாத்திரத்தைச் சத்தமா கழுவுவேன். அந்த ஆளும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. இப்ப வாயி செத்துக் கெடக்கயில தெனமும் அவளத்தான் கூப்புடுறான். கூப்புட்டா கொண்டாந்து காட்டணும்ல. நான் என்ன செய்ய, நாயாட்டம் கத்த விடவா?"

"நீ அவளத் தேடப் போறியா?"

"தேடிக் கொண்டாந்து முன்னால உக்கார வைக்கப் போறேன். அப்புறம் அவளுக்கு ரெவீரோ போட்டு அனுப்புவேன். கருகினதாப் பாத்து."

எங்கள் பக்கத்தில் மதியம் பதினொன்றரைக்கு வானொலியில் ஊர்ச்செய்தி நேரம் உண்டு. டெலிபோன் எட்டாத தோட்டங்களுக்கு அதுதான் தபால். இன்னார் வீட்டில் பசுவைக் காணோம், இன்னாருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, நாளைப் பஸ்ஸில் மரவள்ளி மூட்டை வருகிறது, ஆளை அனுப்பவும் என்று மாகாணம் முழுக்கக் கேட்கும். சுனில்டா ஒரு தாளில் எழுதி ஓபெரா நிலையத்துக்கு அனுப்பினாள். பாடகர் ரூஃபினோ உடம்பு முடியாமல் இருக்கிறார், அவர் பாட்டில் வருகிற பெண் எங்கிருந்தாலும் கராயாவில் உள்ள வீட்டுக்கு வரவும், கூப்பிடுவது வீட்டுக்காரி, சண்டை இல்லை. அடையாளத்துக்காகப் பாட்டின் நாலு வரியையும் எழுதியிருந்தாள். அறிவிப்பாளர் அதை மெட்டில்லாமல், பசுவைக் காணோம் என்பதைப் படிக்கிற அதே குரலில், இரண்டு தடவை படித்தார்.

அந்த வாரம் முழுக்க கடையில் ஊர் அதைத்தான் மென்றது. சுனில்டாவுக்கு மானமில்லை என்றார்கள் சிலர், அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்றார்கள் சிலர். வெள்ளிக்கிழமை ஓபெராவில் இருந்து முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாள் புதுச் சிவப்புச் செருப்போடு வந்து இறங்கினாள். எண்பத்தாறில் ஒரு நடனத்தில் ரூஃபினோ தன்னைப் பார்த்த பார்வையை மறக்கவே முடியாது என்றாள். ரூஃபினோ அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "பஸ்ஸு போயிருச்சு கண்ணே, அடுத்தது அந்திக்குத்தான்" என்று தன் பழைய வேடிக்கைப் பாட்டில் இருந்து எடுத்துவிட்டார். சுனில்டா சிரிப்பை அடக்கமாட்டாமல் அந்த அம்மாளுக்கு வழிக்குக் கோதுமை ரொட்டி கட்டிக்கொடுத்து அனுப்பினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மழை. மழையில் எர்பா பறிக்க முடியாது, ஈர இலை புகைக்கூடத்தில் கெட்டுப்போகும். ஊரே வீட்டுக்குள் இருந்தது. மழைநாள் வழக்கப்படி சுனில்டா மாவு அப்பம் பொரித்துக்கொண்டிருந்தாள். நானும் இதாத்தியும் சூடாக எடுத்து எடுத்துத் தின்றுகொண்டிருந்தோம். இரண்டு மணி பஸ் சேற்றில் முனகிக்கொண்டு நின்றுவிட்டுப் போன சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு கிழவி. தலையில் பிளாஸ்டிக் விரிப்பு, கணுக்கால் வரை பாவாடை, கக்கத்தில் உறைபோட்ட வேதப்புத்தகம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். குச்சியாட்டம் இருந்தாள், ஆனால் நிமிர்ந்து நின்றாள்.

"இன்னொருத்தியா" என்று சுனில்டா முணுமுணுத்தாள்.

கிழவிக்குக் காது நன்றாகக் கேட்டது. "நான் அந்த மாதிரி ஆள் இல்லம்மா. பெந்தெகொஸ்தே சபை. உலகப் பாட்டெல்லாம் கேக்கறதில்ல. பேரு செலெதோனியா. ஊர்ச்செய்தி மட்டும் கேப்பேன். அதுல ஒரு வரி படிச்சாங்க. அந்தப் பையன் உசுரோட இருக்கானான்னு பாத்துட்டுப் போயிடுறேன்."

"எந்தப் பையன்?"

"கொய்யா மரத்துல நான் கட்டிவச்ச பையன்."

சுனில்டா எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள். செலெதோனியா செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, தலைவிரிப்பை ஆணியில் மாட்டுவதற்காக எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி எக்கினாள். பாதம் உயர்ந்தது. பஸ்ஸில் இருந்து இறங்கி நடந்து வந்த செஞ்சேறு இரண்டு குதிகாலிலும் அப்பியிருந்தது.

ரூஃபினோ பாடவில்லை. எழுந்து நின்றார். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த நாள் முதல் யாரும் பிடிக்காமல் அவர் எழுந்ததில்லை. இந்த நாட்டில் அந்த நாலு வரியைத் தெரியாதவர்கள் இல்லை, அதை முதன்முதலில் டிரம்ஸில் தாங்கியவன் நான். ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை, அது வெறும் நடந்த விஷயம் என்று. ஒருத்தி ஒருவனைக் கொய்யா மரத்தில் கட்டினாள். அவ்வளவுதான் அது சொன்னது.

செலெதோனியா அவருக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அறுபத்தொன்பதில், தெற்கே நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய தோட்டம். மேலே எங்கோ பெய்த மழையில் ஓடை பெருகியிருந்தது. பொதி ஏற்றி, பொதிமேல் ஆளேற்றி வந்த லாரி துறையின் நடுவில் சாய்ந்தது. அவளுக்கு இருபத்தேழு வயது. மடியில் நாலு வயது மகள் லூசிலா. தண்ணீருக்குள் மகளின் கை நழுவியது. துழாவியபோது ஒரு சின்னக் கை அகப்பட்டது. அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரை சேர்ந்தாள். வெளியே வந்து பார்த்தால் அது ஒரு பையன். யார் வீட்டுப் பையன் என்றுகூடத் தெரியாது. அன்றைக்குத்தான் யாரோ ஒரு மாமனோடு புதிதாக வந்திருந்தவன். கரை வழுக்கிக்கொண்டிருந்தது. விட்டால் திரும்பவும் உருண்டுவிடுவான் என்று தலைத்துணியை அவிழ்த்து அவனைக் கொய்யா மரத்தோடு இறுக்கிக் கட்டினாள். கட்டிவிட்டுத் திரும்பவும் தண்ணீருக்குள் போனாள்.

"எம் புள்ளைய ரெண்டு நாள் கழிச்சுத்தான் எடுத்தாங்க. அதே வாரம் அந்த ஊரைவிட்டுப் போயிட்டோம். இந்தப் பையன யாரு கூட்டிட்டுப் போனாங்கன்னு நான் கேக்கல. கேக்கற நெலமயில இல்ல. அப்புறம் கேக்கலாம்னு நெனச்சப்ப கேக்க ஆள் இல்ல."

இதாத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சுனில்டா ரூஃபினோவைப் பார்த்தாள்.

"ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல. எத்தன வருஷம் ஒரு பாவப்பட்ட தாயை நான் மனசுக்குள்ள வையி வையின்னு வஞ்சிருக்கேன்."

ரூஃபினோ வாயைத் திறந்தார். "பா, பா" என்றுதான் வந்தது. அந்த இடத்துக்கு ஏற்ற வரி தொண்ணூறு பாட்டிலும் இல்லை போலிருக்கிறது. செலெதோனியா அவர் தலையைத் தடவி, நரைத்துவிட்டதே என்றாள். இத்தனை வருஷம் என்ன வேலை செய்தாய் என்று கேட்டாள். பாடினார் என்று சுனில்டா சொன்னாள். அதைக் கேட்டு அவள் சற்று யோசித்துவிட்டு, கெட்ட வேலை இல்லை என்றாள். அன்றிரவு திரும்பிப் போக பஸ் இல்லாததால் அங்கேயே தங்கினாள்.

மறுநாள் மழை விட்டிருந்தது. புகைக்கூடம் சும்மா கிடக்கிறது, போய் இலை காயும்வரை தோட்டத்தில் காத்திருந்தாலும் பரவாயில்லை, ஆட்களைக் கொண்டுபோ என்று கங்காணி சொல்லிவிட்டான். ஓடை ஏறித்தான் இருந்தது. ஆனால் என் லாரி அதைவிடப் பெரிய தண்ணீரைத் தாண்டியிருக்கிறது. இருபத்தொரு பேரோடு ரூஃபினோ வீட்டு வாசலில் நிறுத்தினேன். இதாத்தி ஒரு காலைச் சக்கரத்தில் வைத்து ஏறப்போனாள். உள்ளே இருந்து பாட்டு வந்தது. "செங்குதிகாலே, திரும்பிப் பாராதே." வழக்கமான நேரம், வழக்கமான அலறல். கூட்டத்தில் ஒருவன், கிழவியைத்தான் கொண்டாந்து காட்டியாச்சே, இன்னும் யாரைக் கூப்பிடுறார் என்று கேட்டுச் சிரித்தான்.

அப்போது செலெதோனியா வெளியே வந்தாள். வெறுங்காலோடு, புல்லில் கிடந்த வெள்ளைப் பனியை மிதித்துக்கொண்டு வந்து லாரிக்கு முன்னால் நின்றாள். பின்னால் நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தம்பி, எஞ்சின நிறுத்து."

நிறுத்தினேன்.

"அவன் என்னைய எங்க கூப்புட்டான். இதப் பாத்துல்ல கத்துறான். ஒன்னைய நிறுத்தச் சொல்லி ஒரு மாசமா கத்துறான், ஒருத்தருக்கும் வெளங்கல."

கங்காணி தலையை வெளியே நீட்டி நேரமாகிறது என்றான். அவள் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"எல்லாரையும் எறக்கு. நான் இங்கதான் நிக்கப் போறேன்."

முதலில் இதாத்தி காலைக் கீழே வைத்தாள். அப்புறம் பின்பக்கத்தில் இருந்து ஒரு பெண் இறங்கினாள், கைக்குழந்தைக்காரி. ஒருவர் பின் ஒருவராக அலுத்துக்கொண்டே இறங்கினார்கள். ஓடைக்கு மேலே அரைமணி நடந்தால் ஒரு பலகைப் பாலம் உண்டு. கத்தரிக்கோலையும் சாப்பாட்டுச் சட்டியையும் தோளில் மாட்டிக்கொண்டு அந்தப் பக்கமாக நடந்தார்கள். கங்காணி வாய்க்கு வந்ததைச் சொன்னான். பாட்டு நின்றிருந்தது. ரூஃபினோ சுனில்டாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, நடந்துபோகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு லாரியை நான் காலியாக ஓட்டித் தாண்டினேன், ஒன்றும் ஆகவில்லை. ஆட்களோடு போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. ஆனால் அதற்குப் பிறகு ஆளை வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்க என் கால் வரவில்லை. கங்காணி இரண்டு வாரம் வேறு லாரி வைத்தான். கூட்டம் அந்த லாரியிலும் துறைக்கு முன்னால் இறங்கி நடந்தது. கடைசியில் என்னையே கூப்பிட்டான்.

அன்று காலை லாரியை எடுப்பதற்கு முன் உள்ளே போய் ஒரு குடுவை எர்பா குடித்தேன். செலெதோனியா அடுப்படியில் பாதங்களை அனலில் காட்டிக்கொண்டிருந்தாள். சுனில்டாவிடம், அவன் பாட்டை முழுசாக ஒரு தடவை கேட்க முடியுமா, சபையில் சொல்லிக்கொள்கிறேன் என்று கேட்டாள். ரூஃபினோ பாடினார். அன்று அழவில்லை. நாலு வரி, அப்புறம் அடுத்த நாலு, கடைசி நாலு. கை மேசையில் மெதுவாகத் தாளம் போட்டது. எனக்கு இருபத்தேழு வருஷமாகக் குச்சி பிடிக்காத விரல்கள் தானாக அசைந்தன.

முடிந்ததும் அவள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கான். மரமும் சரி, கட்டும் சரி. எம் மகளுக்குப் பதிலா நீ வந்துட்டேன்னு, நான் ஒன்னையத் திரும்பிப் பாக்கவே கூடாதுன்னு நெனச்சியாக்கும். ஒண்ணு மட்டும் தப்பு." அவர் பக்கம் குனிந்தாள். "நான் திரும்பிப் பாத்தேன்டா. நெஞ்சளவு தண்ணிக்குப் போனதும் நின்னு பாத்தேன். கட்டு அவுந்துருச்சோன்னு. நீ கண்ண மூடிக்கிட்டிருந்த. கட்டு நின்னுச்சு. அப்புறந்தான் உள்ள முங்கினேன்."

ரூஃபினோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முழுவதும் அவர் எந்த வரியும் பாடவில்லை என்று சுனில்டா பிறகு சொன்னாள். கதவு திறந்து கிடந்தபோதுகூட.

அக்டோபரில் அறுப்பு முடிந்தது. ஊர்க் கூடத்தில் மாடு சுட்டு, மரவள்ளி வேகவைத்து, பழைய பாண்டில் மிஞ்சிய மூன்று பேரை வரவழைத்து ரூஃபினோவை மேடையில் உட்கார வைத்தார்கள். டிரம்ஸுக்கு என்னை இழுத்துவிட்டார்கள். செலெதோனியா வரவில்லை, சபை நாள். ரூஃபினோ மூன்று பாட்டுப் பாடினார். பிறகு கூட்டம் கேட்டது, அந்தப் பாட்டைத்தான். அக்கார்டியன் எடுத்துக்கொடுத்தது, நான் சேர்ந்தேன்.

"செங்குதிகாலே" என்றார். 'திரும்பிப் பாராதே' என்ற இரண்டு சொல் வர வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டார். மறுபடியும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். கூட்டம் மறந்துவிட்டார் என்று நினைத்து, விட்ட சொற்களை எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தது. முன்வரிசையில் இருந்த சுனில்டா எழுந்து கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். ஐந்நூறு பேரும் அடங்கினார்கள். தாளத்தை மட்டும் நான் விடவில்லை. சரியாக அந்த இரண்டு சொல் போகிற நேரம் போனதும் அவர் அடுத்த வரியை எடுத்தார், "கொய்யா மரத்தில் எனைக் கட்டிப் போறவளே." கடைசி வரியிலும் அப்படியே.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் கூட்டத்தில் இருந்தாள். புதிதாக ஒரு சொல் கட்ட அவருக்கு வராது என்று சொன்னவள் அவள்தான். மேடையைவிட்டு இறங்கியதும் என்னிடம் வந்து, அவர் மறக்கவில்லையே, வேண்டுமென்றுதானே விட்டார் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் ரூஃபினோவைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே சுனில்டா அவருக்கு இறைச்சியைச் சின்னச் சின்னதாக வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.